வினூ மன்கட் செய்தது தப்பா? 75 ஆண்டு கழித்து விதி சொன்ன பதில்

2023 ஏப்ரல் 10, பெங்களூரு சின்னசாமி மைதானம். ஆர்சிபி–லக்னோ ஐபிஎல் ஆட்டத்தின் கடைசிப் பந்து ஞாபகம் இருக்கா? ஸ்கோர் சமம். பந்துவீச ஓடிவந்த ஹர்ஷல் படேல், கிரீஸை விட்டு முன்னாடியே கிளம்பிய நான்-ஸ்ட்ரைக்கர் ரவி பிஷ்னோயை ரன் அவுட் செய்யப் பார்த்தார். கை ஸ்டம்பில் படவில்லை. கிரீஸைத் தாண்டிப் போய் அவர் எறிந்ததை நடுவர் ஏற்கவில்லை. லக்னோ ஜெயித்தது.

இந்த அவுட்டை நாம் ‘மன்கட்’ என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். 1917-ல் ஜாம்நகரில் பிறந்த வினூ மன்கட் 44 டெஸ்ட்களில் 2,109 ரன், 162 விக்கெட் எடுத்தவர். 1952-ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது 12 விக்கெட் அவருடையது. 1956-ல் அதே சென்னையில் பங்கஜ் ராயுடன் சேர்த்த 413 ரன், தொடக்க ஜோடிக்கான உலக சாதனையாக 2008 வரை நின்றது. ஆனா நமக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு ரன் அவுட்தான்!

1947 டிசம்பர் 13, சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் முன்னாடியே கிளம்ப, மன்கட் பெயில்ஸைத் தட்டினார். அதே பயணத்தில் முந்தைய ஆட்டமொன்றில் பிரவுனை எச்சரித்துவிட்டு இப்படியே அவுட்டாக்கியிருந்தார். விதியும் அனுமதித்தது. பத்திரிகைகள் சில கொதித்தன; எதிரணி கேப்டன் பிராட்மனோ பின்னர் தன் சுயசரிதையில் மன்கட் பக்கமே நின்றார்.

அப்புறம் விதி நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் சாய்ந்தது. 2000-ம் ஆண்டு சட்டத்தொகுப்பின்படி, பந்தை விடும் கடைசி எட்டை வைப்பதற்குள் ஸ்டம்பைத் தட்டியாக வேண்டும். பேட்டருக்கு இது லட்டு: பவுலர் அந்த எட்டை வைத்ததும் கிளம்பலாம், இரண்டாவது ரன்னுக்கு ஓரடி மிச்சம். 2017-ல் அந்த நேரம், கையிலிருந்து பந்து வெளியேற வேண்டிய கணம் வரை நீண்டது. ஹர்ஷல் தவறவிட்டது அந்தக் கணத்தைத்தான். 2022 அக்டோபரில் இந்த விதி, ‘முறையற்ற ஆட்டம்’ பற்றிய 41-ம் பிரிவிலிருந்து சாதாரண ரன் அவுட்டுக்கான 38-க்கு மாறியது. மன்கட் 1978-லேயே இறந்துவிட்டார்.

ஸ்கோர்கார்டில் மட்டும் மாற்றமில்லை. ரன் அவுட் பவுலர் கணக்கில் சேராது என்பதால், அந்த 162-ல் பிரவுன் கிடையாது. இதற்குத் தனி வகையும் இல்லாததால், பவுண்டரியிலிருந்து எறிந்து விழுந்த ரன் அவுட்டும் இதுவும் ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க நினைத்தால், ஆட்டம் ஆட்டமாக வர்ணனையைப் படித்துத்தான் எண்ண வேண்டும்.