எரியா, ஏரியா? தமிழில் விடுபட்ட குறியைச் சரிசெய்த வீரமாமுனிவர்

கமாண்ட் லைன் டூல் ஒன்றின் உதவிப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆப்ஷன் விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழகியவருக்குப் பிரச்சினையே இல்லை, கை தானாக டைப் செய்துவிடும். புதிதாகக் கற்க வந்தவர்தான் திணறுவார். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் தமிழ் கற்க வந்த ஒருவரும் இப்படியொரு விடுபடலைக் கவனித்தார்.

யார் இவர்?

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-ல் கோவாவுக்கும் பிறகு தமிழகத்துக்கும் வந்தார். நமக்கு அவர் வீரமாமுனிவர். திண்டுக்கல்லில் இயேசு சபையினரின் பெஸ்கி இல்லம் இருக்கிறதே, அது இவர் பெயரில்தான்.

என்ன விடுபட்டிருந்தது?

அன்று எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். மேலே புள்ளி வைத்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். தொல்காப்பியம் சொன்ன விதி இது. ஒகரத்துக்கும் இதேதான். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு? எரியும் ஏரியும் ஒன்று, கொடியும் கோடியும் ஒன்று. தமிழ் தெரிந்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். புதியவர் என்ன செய்வார்?

என்ன செய்தார்?

விதியைத் திருப்பிப் போட்டார். குறிலை அப்படியே விட்டு, நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். கொம்பை மேலே சுழித்தால் நெடில். புள்ளியே தேவையில்லை.

அதோடு நிற்கவில்லை. பழைய இலக்கணங்கள் பேச்சுத் தமிழைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. நிகண்டுகளோ செய்யுளில் இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். 1732-ல் இவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. யார் வேண்டுமானாலும் தேடலாம்!

இன்று?

1747-ல் அவர் மறைந்தார். சுழித்த கொம்பு அச்சில் நிலைத்தது. இன்று யூனிகோடில் ஒற்றைக் கொம்புக்கு ஓர் எண், இரட்டைச் சுழிக் கொம்புக்கு வேறு எண். கொடியா, கோடியா என்று போனில் நாம் யோசிக்க வேண்டியதில்லை.