பச்சிளங்குழந்தை வலிப்புக்கு இன்றும் முதல் மருந்து: யார் இந்த ஹாப்ட்மன்?

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு வலிப்பு வந்தால், டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது ஃபீனோபார்பிட்டால். அது வலிப்பை அடக்கும் என 1912-ல் கண்டறிந்தவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன்.

அப்போ ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் அவர் இளம் டாக்டர். வலிப்பு நோயாளிகள் இரவில் தூங்கட்டுமே என்று, புதுசா வந்த தூக்க மருந்தைக் கொடுத்தார். பார்த்தால், வலிப்பே குறைஞ்சிருந்தது, பகலிலும்கூட!

யூத வம்சாவளி என்பதால் 1935-ல் நாஜி ஆட்சியில் பேராசிரியர் வேலை போனது. 1938-ல் டாஹாவ் வதைமுகாமில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் நாட்டைவிட்டே கிளம்பினார். 1948-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இறந்தார்.

அவர் மருந்து மட்டும் ஓயவில்லை. 2020-ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரம் வலிப்பே வராமல் இருந்த குழந்தைகள்: புதிய மருந்தான லெவெடிராசிட்டம் கொடுத்தவர்களில் 28%, ஃபீனோபார்பிட்டால் கொடுத்தவர்களில் 80%. பக்கவிளைவு மட்டும் இதில் கொஞ்சம் அதிகம்.