திண்ணையும் வித்தியாசாலையும்

ஆண்டுதோறும் கார்த்திகை மகத்தன்று ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுக்குக் குருபூசை செய்கின்றோம். அவர் நிறுவிய பள்ளிக்கூடம் எவ்வாறு எழுந்தது என்பதை நம்முள் எத்துணைபேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

1822 டிசெம்பர் 18இல், நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராகப் பிறந்த ஆறுமுகம், முதலில் பழைய முறையிலேயே தமிழ் பயின்றார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிரிவு இல்லை. அச்சுப் புத்தகமும் இல்லை. சிறியோரும் பெரியோரும் ஒருங்கிருந்து, மணலில் எழுத்தெழுதி, ஏட்டிலுள்ளதை நெட்டுருச் செய்வர்.

பின்னர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்து ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். யாமும் மிசன் பாடசாலையிற் பயின்றவரே. ஆதலால் அவர் அங்கே கண்டவற்றை நன்கறிவோம். வகுப்புமுறை, நேர ஒழுங்கு, படிப்படியாக உயரும் பாடநூல் ஆகிய இவற்றின் பயனை அவர் உணர்ந்தார். ஆனால் கல்வியைப் பெறச் சமயத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமோ என்ற கேள்வி அவர் உள்ளத்தை வருத்தியது.

விடையைச் செயலிற் காட்டினார். உத்தியோகத்தில் இருந்தபோதே, காலையும் இரவும் மாணாக்கருக்குப் பொருள் பெறாது கற்பித்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அவ்வாண்டிலேயே மிசன் உத்தியோகத்தையும் துறந்தார். 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். திண்ணையின் தமிழும் சைவமும் புதிய ஒழுங்கினுள்ளே புகுந்தன. 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். இல்லறம் புகாது கல்விக்கே உழைத்த அப்பெருமகனார் 1879 டிசெம்பர் 5இற் சிவபதமடைந்தார்.

பெரியோரைப் போற்றும்போது உண்மையை மறைத்தல் தகாது. நாவலரவர்கள் சாதியாசாரத்தை விட்டாரல்லர். அவர் கடவாத அந்த எல்லையைக் கடப்பது, அவர் வழிவந்த நமது கடனாகும்.

இளைஞர்களே! கட்டடமும் நிதியும் வந்தபின் தொண்டு தொடங்குவோம் என்று காத்திராதீர். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை எவ்வீட்டுப் பிள்ளையாயினும், மாலையில் ஒருமணி நேரம் அழைத்திருத்திக் கற்பியுங்கள். அதற்கு ஒரு திண்ணையே போதும். நாவலரவர்களுக்கு நாம் செய்யத்தக்க குருபூசை அதுவேயாம்.