குழந்தை உள்ளங் கண்ட பெரியார் பெஸ்தலோசி

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நாம் பயின்ற காலத்திலே கல்வித் தத்துவப் பாடத்தில் பெஸ்தலோசி என்னும் பெயரை முதன்முதற் கேட்டோம். தலை, இதயம், கை என்னும் மூன்றனையும் ஒருங்கே வளர்த்தலே கல்வி என்பது அவர்தங் கொள்கை என்று குறிப்பெழுதினோம். பரீட்சையிலும் அதனையே எழுதித் தராதரப் பத்திரமும் பெற்றோம். பெற்றபின் அப்பெயரை மறந்தோம் என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ளுகின்றோம். பல்லாண்டு வகுப்பறையில் நின்று, ஒரே பாடத்தை ஒரே குரலிற் சொல்ல ஒரு பிள்ளை மலர்வதும் மற்றொரு பிள்ளை கூம்புவதும் ஏனென்று அறியாது தடுமாறிய பின்னரே அப்பெரியாரின் சரிதத்தை மீள எடுத்து வாசித்தோம். நமது குறிப்புப் புத்தகத்தில் இல்லாத ஒன்று ஆங்கே கிடந்தது. அவர் வெற்றிபெற்று உலகுக்கு உபதேசித்தவரல்லர். தோற்றுத் தோற்றே குழந்தையை அறிந்தவர். முதற்றோல்வி அவர்தஞ் சொந்த மகனிடத்திலே நேர்ந்தது.

யோகான் ஹைன்றிக் பெஸ்தலோசி 1746 ஆம் ஆண்டு சனவரி மாதம் 12 ஆந் திகதி சுவிற்சலாந்து தேசத்துச் சூரிக் நகரிலே பிறந்தார். சத்திர வைத்தியராய் இருந்த தந்தையார் 1751 இல் இறந்தார். இறக்குந் தறுவாயில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாகிய பாபெலி என்பவளை அழைத்து, குடும்பத்தைக் கைவிடாதிருக்குமாறு வேண்டினார். அவளும் அவ்வாக்கைத் தன் வாழ்நாள் முழுதும் காத்தாள். சந்தை கலையும் வேளைவரை காத்துநின்று மலிந்த விலைக்கு மரக்கறி வாங்குவாள். உடையுஞ் சப்பாத்துந் தேயுமென்று பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடாள். தாயும் பணிப்பெண்ணுமாகிய இருவரின் அன்புக்குள் வளர்ந்த சிறுவன் ஈரநெஞ்சினனாயும், ஊர்ப் பிள்ளைகளோடு பழகத் தெரியாத பேதையாயும் ஆயினான். பள்ளித்தோழர் அவனுக்குக் கேலிப் பெயர் சூட்டினர். விடுமுறை நாள்களிலே, சூரிக் நகருக்கு அண்மையில் உள்ள ஹொங் என்னுங் கிராமத்திலே குருவாயிருந்த பாட்டனாரிடஞ் செல்வான். பாட்டனார் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும்போது உடன் நடந்து அவர்தம் வறுமையைக் கண்ணாரக் கண்டான். அக்காட்சி பின்னர் அவர் நெஞ்சைவிட்டு அகன்றதேயில்லை.

கல்லூரியிற் பயிலுங்காலத்து, ரூசோ என்னும் பேரறிஞர் 1762 இல் வெளியிட்ட எமீல் என்ற நூல் அவர் கைக்கு எட்டியது. குழந்தையை இயற்கையின் போக்கில் வளரவிடல் வேண்டும் என்பது அந்நூலின் சாரம். அதனைக் கற்ற இளைஞர் நகர வாழ்வை வெறுத்து உழவை நாடினார். தம்மின் எட்டு வயது மூத்தவராகிய அன்னா என்னும் நங்கையை 1769 இல் மணந்து, பிர் என்னுங் கிராமத்தருகே நிலம் வாங்கி, சிவப்புச் சாயந் தரும் வேர்ச்செடி பயிரிட்டார். நொய்ஹொப், அதாவது புதுப்பண்ணை, என்று அவ்விடத்துக்குப் பெயர். 1770 இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. ரூசோவின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். வீட்டிலே யாக்கோப்லி என்று அழைத்தனர்.

யாக்கோப்லிக்கு மூன்றரை வயதாகியபோது, 1774 இல், தந்தையார் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஒரு குழந்தையின் அறிவும் உணர்ச்சியும் நடத்தையும் நாளுக்குநாள் விரியுமாற்றைத் தந்தையொருவர் அருகிருந்து நோக்கி எழுதிய பழைய ஏடுகளுள் அஃதொன்று. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதை ஓடையருகே காட்டுகின்றார், மகன் மகிழ்கின்றான். ஆயின் அடுத்த பக்கத்திலேயே பாடவேளை வருகின்றது. எழுத்தும் எண்ணும் இலத்தீன் சொற்களும் வருகின்றன. குழந்தை மறுக்கின்றது. ரூசோவின் சீடராகிய தந்தை அதனை அடைத்து வைக்கின்றார். பல முறை அடைத்த பின்னரே பிள்ளை பணிந்தான் என்று தாமே எழுதி வைக்கின்றார். வீட்டு வேலையாளொருவர், பிள்ளையை அளவுக்கு மிஞ்சி நெருக்குகின்றோம் என்னுங் கருத்துப்படச் சொன்னதனையும் மறையாது குறிக்கின்றார். படிப்பறிந்தவர் பலர் கூடிய அவ்வீட்டிலே குழந்தையின் உள்ளத்தை முதலிற் கண்டவர் அந்த வேலையாளே என்பது எமது துணிபு.

இன்னுமோரிடத்தில் தந்தை தம்மையே நொந்துகொள்கின்றார். எண்களின் பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார், பிள்ளையும் ஒப்புவித்தான், ஆயின் அப்பெயர்களுக்கு உரிய அளவு எதுவும் அவன் மனத்திலே இல்லை. பொருளில்லாச் சொல்லை நாவில் ஏற்றியமையால், தெரியாததைத் தெரிந்ததாக எண்ணும் பழக்கத்தைத் தாமே உண்டாக்கிவிட்டதாக வருந்துகின்றார். இதனை வாசித்தபோது எமக்குப் பழைய நினைவொன்று எழுந்தது. முதல் நியமனம் பெற்ற பாடசாலையிலே ஒரு சிறுவன் ஆத்திசூடி முழுதையும் பிழையறச் சொல்வான். அதிபர் முன்னிலையிலும் அவனையே எழுப்பிவிட்டுப் பெருமை கொண்டோம். ஒருநாள் ஓரடியின் பொருளை வினவினோம்; தான் செய்த பிழை யாதென்று அறியாதவனாய் அழத் தொடங்கினான். பிழை செய்தவர் யாவரென்று அப்போது எமக்கும் விளங்கவில்லை. எண்ணின் பெயர் வேறு, எண்ணுணர்வு வேறு என்பதனைப் பிற்காலத்தில் அதே சுவிற்சலாந்து தேசத்தவராகிய பியாசே (1896–1980) சிறு பரிசோதனைகளால் நிறுவினார். ஒரே தொகையான காய்களை நெருக்கியும் அகற்றியும் இரு வரிசையாய் வைத்தால், எண்ணத் தெரிந்த சிறு பிள்ளையும் அகன்ற வரிசையிலேயே காய் அதிகம் என்று கூறும். யாக்கோப்லியின் தந்தை அதனைப் பரிசோதனையாற் கண்டாரல்லர். மகனுடைய துன்பத்தாற் கண்டார்.

அம்மகன் பதினொரு வயதாகியும் செவ்வனே எழுத வாசிக்க அறியாதிருந்தான். பின்னர்ப் பாசல் நகரிலே வணிகப் பயிற்சிக்கு விடப்பட்டு, வலிப்பு நோயால் வருந்தி வீடு திரும்பினான். நோய்க்குக் காரணம் கல்விமுறையே என்று கூறுதல் நியாயமன்று. எனினும் தந்தையின் நெஞ்சம் ஆறியதென்று கூறுவதற்கும் இடமில்லை.

பண்ணையும் நொடித்தது. அப்பொழுதும் 1774 முதலாகத் தெருப்பிள்ளைகளைச் சேர்த்து, பஞ்சு நூற்கவும் நெய்யவும் பழக்கி, வேலையினூடே எழுத்தும் புகட்ட முயன்றார். பெற்றோர் புத்துடை கிடைத்ததும் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். மனைவியின் சீதனமும் கரைந்தது. 1780 இல் அவ்வில்லம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட லியனார்டும் கெர்த்துரூட்டும் என்ற கதைநூல் ஐரோப்பாவெங்கும் புகழ் ஈட்டியது. கதையை விரும்பினோர் மிகப் பலர். அதிலே கெர்த்துரூட் என்னுந் தாய் தன் மக்களை வளர்க்கும் முறையைச் சிந்தித்தோர் மிகச் சிலர். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு அவர் எழுத்தையே துணையாகக் கொண்டு வறுமையில் உழன்றார்.

அவர்தம் ஐம்பத்திரண்டாம் வயதிலே காலம் அழைத்தது. 1798 இல் பிரெஞ்சுப் படை சுவிற்சலாந்தினுட் புகுந்தது. எதிர்த்து நின்ற ஸ்தான்ஸ் என்னும் ஊர் செப்டெம்பரிலே தீக்கும் வாளுக்கும் இரையாயிற்று. தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் புதிய அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. 1799 சனவரி நடுப்பகுதியிலே, வேலை முற்றுப்பெறாத ஒரு கன்னியர் மடத்துப் பகுதியில் இல்லந் திறக்கப்பட்டது. வந்த பிள்ளைகள் ஏறத்தாழ எண்பதின்மர். உதவிக்கு ஒரு பணிப்பெண் மாத்திரமே. பிள்ளைகள் கத்தோலிக்கர், அவரோ புரட்டஸ்தாந்து மதத்தினர். ஊரை எரித்த கட்சியின் ஆளென்று ஊரவர் அவரை ஐயுற்றனர்.

அப்பிள்ளைகளின் நிலையை அவர் ஒரு நெடுங்கடிதத்தில் வரைந்துள்ளார். சொறியும் புண்ணும் பற்றி நடக்கமாட்டாதவர் சிலர். எலும்புந் தோலுமாய் அஞ்சிய விழியினர் சிலர். இரந்து பழகிப் பொய்யே மொழிவோர் சிலர். முன்னர் வசதியாய் வாழ்ந்து இன்று ஏனையோரை இகழ்வோர் சிலர். பதின்மரில் ஒருவருக்கேனும் அரிச்சுவடி தெரிந்திருப்பது அரிது. போருக்குப் பின் வகுப்பறைக்கு மீண்ட பிள்ளைகளை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் புத்தகத்தை எடுத்தாரல்லர். அவர்களைக் கழுவினார், உடன் உண்டார், நோயுற்றார்க்கு அருகிலிருந்தார், இரவில் அவர்கள் நடுவிற் படுத்தார், உறங்குமட்டும் அவர்களோடு பேசினார். நாவாற் கற்பித்த நீதி யாதுமில்லை. பசித்த பிள்ளைக்கு நாளையும் உணவுண்டு என்னும் நம்பிக்கையும், இம்மனிதர் நம்மை விட்டு அகலார் என்னும் நம்பிக்கையும் முதலில் வரல் வேண்டும். அந்நம்பிக்கையிலிருந்து அன்பும் நன்றியுந் தாமே முளைக்கும். முளைத்தவற்றை அன்றாடச் செயலாற் பழக்கமாக்கல் வேண்டும். நல்லது தீயது பற்றிய பேச்சு யாவற்றுக்கும் இறுதியிலேயே வரல் வேண்டும். இதுவே ஸ்தான்ஸில் அவர் கண்ட வரிசை. நாமோ பேச்சிலே தொடங்கிப் பேச்சிலேயே முடிக்கின்றோம்.

அவ்வாண்டு அயலூராகிய அல்ற்டோர்ப் தீப்பற்றி அழிந்தது. அவர் பிள்ளைகளைத் தம்மைச் சூழ நிறுத்தி, அங்கே வீடும் உணவும் இழந்த பிள்ளைகளுள் ஓர் இருபதின்மரை இங்கே ஏற்கலாமோ என்று வினவினார். எல்லாரும் உவந்து சம்மதித்தனர். அவர் அத்துடன் விட்டாரல்லர். நம்மிடம் உள்ள பொருள் சிறிது. அவர்கள் வந்தால் உங்கள் உணவு குறையும், வேலை கூடும், உடையையும் பங்கிட நேரும். நன்கு எண்ணிச் சொல்லுங்கள் என்றார். அப்பொழுதும் வரட்டும் என்றே கூறினர். சில திங்களுக்கு முன்னர் ஒருவர் கையிலிருந்த அப்பத்தை மற்றவர் பறித்த பிள்ளைகள் இவர்கள்.

ஒன்றை மறைத்தலாகாது. ஸ்தான்ஸில் அவர் பிள்ளைகளை அடித்ததுமுண்டு. அதனைத் தாமே எழுதியுள்ளார். பிரம்பை விரும்பும் ஆசிரியர் இதனைச் சான்றாக எடுத்தல் கூடும். இரவும் பகலும் உடனிருந்து ஊட்டிய கையாதலாற் பிள்ளைகள் அவ்வடியைப் பகையாகக் கொள்ளவில்லை என்பது அவர் கூறுஞ் சமாதானம். நாற்பது நிமிடம் வகுப்பில் நின்று மணியடித்ததும் வெளியேறும் நமக்கு அச்சமாதானம் உதவாது. அவருக்கும் அது முற்றும் பொருந்துமோ என்பது எமது ஐயம்.

யூன் மாதம் 8 ஆந் திகதி, படைகளுக்கு வைத்தியசாலை வேண்டுமென்று இல்லம் மூடப்பட்டது. ஐந்து திங்களுக்குள் எல்லாம் முடிந்தது. தாயன்பு இழந்த பிள்ளையின் உளவளர்ச்சி பற்றி யோன் போல்பி என்னும் ஆங்கில வைத்தியர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் எழுதிய அறிக்கை அத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. அன்புப் பிணிப்பே ஏனைய வளர்ச்சிக்கெல்லாம் நிலைக்களம் என்று இன்று உளநூலார் கொள்வதை, அந்த ஐந்து திங்களிலே தனிமனிதரொருவர் எண்பது பிள்ளைகளிடத்துக் கண்டுவிட்டார்.

அவ்வாண்டே பூர்க்டோர்ப் என்னும் ஊரிலே ஏழைப்பிள்ளைகளின் பாடசாலையொன்றில் இடம் பெற்றார். ஆங்கே ஆசிரியராயிருந்தவர் ஒரு சப்பாத்துத் தைப்பவர். அவரும் பெற்றோரும் இப்புதியவரின் முறையை ஏற்காமையால் வேறு வகுப்புக்கு மாற நேர்ந்தது. கையெழுத்துந் திருந்தாது, எழுத்துப் பிழையும் நீங்காத பெஸ்தலோசி இக்கால ஆசிரியர் தெரிவுப் பரீட்சை எதிலுஞ் சித்தியெய்தியிரார் என்று எண்ணுகின்றோம். சுவரிலே ஒட்டியிருந்த கடதாசி கிழிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, துவாரம், நீண்ட துவாரம், அதன் பின்னே சுவர் என்று கண்டதைக் கண்டவாறு சொல்லுவிப்பார். பொருள் முதலிற் கண்ணுக்கு. சொல் பின்னர் நாவுக்கு. தம் மகனிடம் முறைமாற்றிச் செய்ததை இங்கே திருத்தினார் போலும். ஆயினும் அவர் தொண்டை கட்டுமட்டுஞ் சொல்லப் பிள்ளைகள் கூட்டமாய் ஒலித்தனர் என்று அவரிடம் பயின்ற ஒருவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். நெட்டுருவை ஒழிக்க வந்த முறையும் நெட்டுருவாய் மாறும் என்பதற்கு அவரே சான்றானார்.

இம்முறையை விளக்கி, கெர்த்துரூட் தன் மக்களுக்குக் கற்பிக்குமாறு என்னும் நூலை 1801 இல் வெளியிட்டார். யாக்கோப்லி இறந்ததும் அவ்வாண்டிலேயே.

1805 முதல் இருபதாண்டு இவெர்டோன் நகரத்துக் கோட்டையிலே அவர் நடத்திய கல்விக்கூடம் உலகப் புகழ் பெற்றது. பிரசிய அரசு இளம் ஆசிரியரை அனுப்பியது. பின்னாளிலே சிறுவர் பூங்கா கண்ட புரோபல் 1808 முதல் ஈராண்டு ஆங்குத் தங்கினார். வந்தோர் பட்டியல் நீளமானது, அதனை விடுக்கின்றோம். புகழோடு பூசலும் வளர்ந்தது. துணையாசிரியர் இருவருக்கிடையே மூண்ட பகை நிலையத்தையே பிளந்தது. குழந்தைகளிடையே அன்பை விளைத்தவரால் வளர்ந்தோரிடையே அமைதியை விளைக்க முடியவில்லை. 1815 இல் மனைவியாரும் மறைந்தார். 1825 இல் அதுவும் மூடப்பட்டது.

எண்பதை அணுகிய முதியவர் நொய்ஹொப் பண்ணைக்கே திரும்பி, யாக்கோப்லியின் மகனோடு வாழ்ந்தார். ஏழைப்பிள்ளைகளுக்கென மீண்டும் ஓரில்லம் அமைக்க முயன்றார்; அது நிறைவேறுமுன் நோயுற்று, 1827 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 17 ஆந் திகதி புறூக் நகரிலே காலமானார். பிர் கிராமத்துப் பாடசாலைச் சுவரருகே அவரை அடக்கஞ் செய்தனர்.