வன்மையும் மென்மையும்: கராத்தே ஆசான் மியாகி சோஜுன்

இளமையிலே பாரந்தூக்கும் பயிற்சியில் எனக்குப் பெருமோகம் இருந்தது. மாலைதோறும் இரும்புத் தண்டோடு மல்லுக்கட்டி, தோளும் மார்பும் திரண்டுவிட்டன என்ற செருக்கோடு கராத்தே வகுப்பொன்றிற் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்தது தலைகுனிவே. என் நிறையிற் பாதிதானும் இல்லாத சிறுவர்களின் குத்து என் மார்பை வந்து தொட்ட பின்னர்தான் என் கை புறப்பட்டது. பாரந்தூக்குவதை அடியோடு கைவிடுமாறு ஒருவர் புத்தி சொன்னார்; தூக்கியது போதாது, இன்னும் தூக்குமாறு மற்றொருவர் பணித்தார். இருவர் சொல்லையும் மாறிமாறிக் கேட்டு வலத் தோளைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். தோள் ஆறுமட்டும் வாளாவிருக்க நேர்ந்த மாதங்களிலேதான் மியாகி சோஜுன் என்பாரின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். கோஜு-ரியூ என்னும் கராத்தே மரபின் தாபகர் அவர். பலமும் கலையும் ஓருடலில் ஒத்து வாழுமா என்ற என் கேள்வியை, எனக்கு வெகுகாலம் முன்னரே தம்முடைய உடலில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர் அவர் என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒக்கினாவா இன்று யப்பானின் தென்கோடி மாகாணம். 1879ஆம் ஆண்டுவரை அது தனக்கென ஓர் அரசனைக் கொண்ட ரியூக்யூ இராச்சியம். சீனத்தோடு அதற்கு நெடுங்காலக் கடல் வாணிகம் இருந்தது. அந்த வாணிகத்தாற் செழித்த குடும்பமொன்றிலே, நாஹா நகரில், 1888ஆம் ஆண்டு ஏப்பிரில் 25ஆந் திகதி சோஜுன் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், மூத்த குடும்பத்தின் சொத்துக்கு வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டார். செல்வத்தைக் கட்டியாள வேண்டியவனுக்கு உடலுறுதியும் வேண்டுமென்று தாய் எண்ணினாள் போலும். 11 வயதில் மகனை அரகாகி ரியூகோ என்ற ஆசானிடம் கொண்டுபோய் விட்டாள். அங்கே நுணுக்கமான வித்தைகள் உடனே கிடைக்கவில்லை. வைக்கோற் புரி சுற்றி நாட்டிய கம்பத்திற் குத்துவது, கற்பாரங்களைச் சுழற்றுவது, சாடிகளை விரலாற் பற்றித் தூக்குவது என்பவையே சிறுவனின் பாடமாயின. ஆகவே, பலப்பயிற்சி மியாகியின் வாழ்விற் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று. அதுவே அவருடைய அரிச்சுவடி.

14 வயதில் ஹிகவொன்னா கன்ரியோவிடம் சேர்ந்தார். சீனத்தின் பூச்சௌ நகரிற் பல்லாண்டு தங்கிக் கற்றுத் திரும்பியவர் ஹிகவொன்னா. அவர் வகுப்பின் மூலபாடம் சன்சின் என்னும் பயிற்சித் தொடர். பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. முன்னே சில அடி, பின்னே சில அடி, மெதுவான சில குத்துக்கள், அவ்வளவே. ஆயின் பாதங்கள் நிலத்தைப் பற்ற வேண்டும். தொடை, இடுப்பு, வயிறு யாவும் இறுக வேண்டும். தோள்கள் தாழ வேண்டும். இத்தனை இறுக்கத்தினுள்ளும் மூச்சுமட்டும் தடையின்றி அடிவயிறு வரை சென்று மீள வேண்டும். ஆசான் சுற்றிவந்து தோளிலும் தொடையிலும் அறைந்து சோதிப்பார். இதை ஆண்டுக்கணக்கிற் செய்த பின்னரே மற்றவை கற்பிக்கப்பட்டன. பலர் இடையிலேயே நின்றுவிட்டனர். மியாகி ஏறத்தாழ 13 ஆண்டுகள், இடையிற் படைச் சேவைக்காகச் சென்ற காலம் நீங்கலாக, அந்த ஆசானின் மாணாக்கராய் இருந்தார்.

பச்சை இறைச்சியை அவர் விரல்களாற் பிய்த்தார் என்பன போன்ற கதைகள் பலவுண்டு. அவற்றை நான் விட்டுவிடுகிறேன். எனக்கு வியப்பளிப்பது அவர் கையாண்ட கருவிகளே. ஹோஜோ உண்டோ, அதாவது துணைப் பயிற்சி, என்று அவற்றுக்குப் பெயர். பெயரிலேயே அவற்றின் இடம் வரையறுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சீ-இஷி என்பது ஒரு தடியின் ஒரு நுனியில் மட்டும் கல்லைப் பொருத்திய கருவி. நாம் தூக்கும் இரும்புத் தண்டில் இருபுறமும் பாரம் சமமாக இருக்கும். ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. இதிலோ பாரம் முழுவதும் கைக்கு அப்பால் நிற்கிறது. அதைச் சுழற்றும்போது மணிக்கட்டும் முழங்கையும் தோளும் ஒன்றையொன்று கலந்துகொண்டே இயங்க வேண்டும். எதிராளியின் கையைத் தட்டி விலக்கும் அசைவும் அதுவேயாகும். நிகிரி-கமே என்னும் சாடியையோ அதன் வாயின் விளிம்பில் ஐந்து விரல்களையும் பதித்துத் தூக்க வேண்டும். தூக்கியபடியே சன்சின் அடிவைத்து நடக்க வேண்டும். பற்று வலுத்தவுடன் உள்ளே சிறிது மணல் கூட்டப்படும். தோளை உயர்த்தினால் நெடுநேரம் தாங்காது; தோள் தாழ்ந்து அக்குளின் கீழுள்ள தசைகள் பாரத்தை ஏற்றாலன்றி நடக்க முடியாது. குத்துகின்றபோதும் அதே தசைகளே தோளைத் தாங்குகின்றன.

என் பழைய தவறு இங்கேதான் எனக்கு வெளிச்சமாயிற்று. நான் வளர்த்த பலம் எந்த அசைவுக்கும் உரியதன்று. குத்துகின்ற கையை நீட்டும் தசைகளோடு அதனைப் பின்னிழுக்கும் தசைகளும் சேர்ந்து இறுகினால், கை தன்னோடு தானே போராடுகிறது. தளர்ந்து புறப்பட்டு, தொடும் கணத்தில் மட்டும் இறுகுவதே விரைவின் இரகசியம். மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தோடு திணறுவது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும் என்பதையும் இன்று மருத்துவம் அறியும். மியாகியின் முறையிலே பாரம் எப்பொழுதும் மூச்சுக்கும் நிலைக்கும் கீழ்ப்படிந்தே நின்றது.

வன்மை மட்டும் போதாது என்ற எண்ணம் அவருக்குள் மெல்ல வளர்ந்தது. 1915ஆம் ஆண்டு தாமும் பூச்சௌ சென்று, தம் ஆசான் கற்ற கலையின் வேர்களைத் தேடினார். பின்னர் 1921ஆம் ஆண்டளவில் தென்ஷோ என்னும் தொடரை ஆக்கினார். சன்சினிற் கைகள் முட்டியாக இறுகுகின்றன. தென்ஷோவில் அவை விரிந்து, நீரிற் பாசி அசைவதுபோல வளைந்து திரும்புகின்றன. இரண்டிலும் மூச்சு ஒன்றே. 1930ஆம் ஆண்டு ரோக்கியோவில் நடந்த விழாவொன்றில் அவருடைய மூத்த மாணாக்கர் சின்சாட்டோ ஜினானிடம் அவர்தம் மரபின் பெயர் யாதென வினவப்பட்டது. அதுவரை அதற்குப் பெயரே இருக்கவில்லை. ஊர் திரும்பிய மாணாக்கர் இதனை எடுத்துரைக்க, பூபிஷி என்னும் பழைய சீன நூலிலிருந்து வன்மை, மென்மை எனப் பொருள்படும் இரு சொற்களை எடுத்து மியாகி பெயரிட்டார். கோஜு-ரியூ பிறந்தது அவ்வாறே.

1934ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஒக்கினாவா மக்களின் அழைப்பை ஏற்று அங்கு சென்று, அடுத்த ஆண்டு மீண்டார். அங்கே மற்போர் வீரர்கள் நீள்வட்டமான கனத்த இரும்பு வளையத்தாற் பயில்வதைக் கண்டு, கொங்கோக்கென் என்ற பெயரில் அதையும் தம் கருவிகளோடு சேர்த்துக்கொண்டாராம். பிறர் நாட்டுக் கருவியென்று அவர் தள்ளவில்லை. தொன்மையைப் போற்றுவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பது நன்று. மருத்துவர் ஒருவரின் துணையோடு, பயிற்சிக்கு முன் உடலைப் பதப்படுத்தும் அசைவுகளையும் ஒழுங்குபடுத்தினார். 1940இல், பாடசாலை இளைஞர் எளிதிற் கற்குமாறு கெகிசாய் என்னும் இரு தொடர்களை ஆக்கினார். தம் வாழ்நாளில் எவருக்கும் அவர் கறுப்புப் பட்டி வழங்கவில்லை என்பர்.

பின்பு யுத்தம் வந்தது. 1944ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி நடந்த விமானத் தாக்குதலில் நாஹா நகரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. அடுத்த ஆண்டு வசந்தத்தில் தீவே போர்க்களமாயிற்று. மியாகி தம் மக்கள் மூவரை இழந்தார். தமக்குப் பின் கலையைக் காப்பார் என்று நம்பியிருந்த சின்சாட்டோவும் மாண்டார். குடும்பத்தின் செல்வமும், வாழ்நாளெல்லாம் திரட்டிய குறிப்புக்களும் அழிந்தன. 57 வயதில் அவரிடம் எஞ்சியது தம் உடலிற் பதிந்திருந்த வித்தை ஒன்றே.

அதைக்கொண்டே அவர் மீண்டும் தொடங்கினார். காவற்படையினருக்குக் கற்பித்தார். நாஹாவின் சுபோயாப் பகுதியிலிருந்த தம் வீட்டு முற்றத்தில், கூரையில்லாத வெளியில், மாணாக்கர் கூடினர். சுபோயா என்பது குயவர்களின் குடியிருப்பு. போரின் பின் மக்களுக்குக் கலமும் கிண்ணமும் வனைந்து கொடுப்பதற்காக, 1945ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் நாஹாவுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டவர்களுள் அக்குயவர்களும் இருந்தனர். அந்தச் சூளைகளின் அயலிலே, சாடியைப் பற்றி நடக்கும் கலை மறுபடியும் துளிர்த்தது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒருவகை நெகிழ்ச்சி உண்டாகிறது. 1953ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, 65 வயதில் மியாகி காலமானார். அந்த முற்றத்திற் பயின்ற மியாசாட்டோ எயிச்சி 1957ஆம் ஆண்டு நாஹாவிலே ஜுண்டோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார்.

என் வீட்டு முற்றத்திலும் வாய் தடித்த மண்சாடிகள் இரண்டு உள. பால்மாப் பேணியால் அளந்து ஒவ்வொன்றிலும் ஐந்து பேணி மணல் போட்டிருக்கிறேன். காலையில் அவற்றைப் பற்றிக்கொண்டு மாமரத்தடி வரை நடந்து திரும்புவேன். வலத் தோள் இடையிடையே முறைப்பாடு செய்கிறது. ஆறாவது பேணியை இன்னும் போடவில்லை.