காஞ்சி அறிஞர் அண்ணாதுரையின் கல்வி வரலாறு

ஒருவர் ஈட்டிய பொருள் ஒரு தலைமுறையில் வந்து மறு தலைமுறையில் அகன்றுவிடக்கூடும். அவர் பிறர்க்குக் கற்பித்த கல்வியோ, கேட்டோர் நெஞ்சிலும் அவர்தம் மக்கள் நெஞ்சிலும் வாழும். விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் சோழ மன்னர் மூவர்க்கும் அவைப்புலவராய் விளங்கிய ஒட்டக்கூத்தரைச் செங்குந்தர் மரபினராகிய நாம் இன்றளவும் போற்றுதற்குக் காரணமும் அதுவே. அவ்வழியில், நெசவுத் தறிகளின் ஓசை நடுவே பிறந்து, அரும்பாடுபட்டுச் சர்வகலாசாலைப் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராய்த் தொழில் தொடங்கிய ஒருவரது வரலாற்றை இம்மாத இதழிற் கூறப்புகுகின்றோம். அவரே காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பலர் விரித்து எழுதியுள்ளனர். அதற்கு அடிப்படையாய் நின்ற கல்வி வாழ்க்கையை எழுதினார் சிலரே. ஆசிரியத் தொழிலை நாடிப் பயிலும் நம் இளைஞர்க்கு வேண்டப்படுவது இப்பகுதியே ஆதலின், இதனையே சிறிது விரித்துரைப்போம்.

காஞ்சிமாநகரம் கோயில்களால் மட்டும் புகழ் பெற்றதன்று. கடம்ப குலத்து மயூரசர்மன் கல்வி கற்கும்பொருட்டுக் காஞ்சிக் கடிகையை நாடி வந்தான் என்பதனைத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறும். நாளந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்தார். இத்தகைய கல்விப் பழமை வாய்ந்த ஊரிலேதான், கைலாசநாதர் கோயிலுக்கும் வரதராசர் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில், நெசவாளர் மக்கள் பலர் எழுத்தறியாமல் வளர்ந்தனர் என்பது வருந்தத்தக்க உண்மை.

இதற்குத் தறியே ஒரு காரணமாயிற்று. காஞ்சிப் பட்டுச்சேலையின் சிறப்பு உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வை நெசவில் உள்ளது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவு செய்வார் ஒருவர் அமர்ந்திருக்க, அருகே ஒரு துணையாள் கரைக்குரிய நாடாவை இடைவிடாது தள்ளிக்கொடுத்தல் வேண்டும். அத்துணையாள் பெரும்பாலும் அவ்வீட்டுச் சிறுவனே. பள்ளி மணி அடிக்கும் நேரமும் தறியில் அமரும் நேரமும் ஒன்றாயிருந்தமையால், வறுமையுற்ற இல்லங்களில் தறியே வென்றது. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-இல் ஏற்பட்டு, அதன் பின்னரும் பல ஆண்டுகள் முயன்றே காஞ்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. ஒரு நெசவாளர் மகன் பட்டம் பெறுதல் அக்காலத்தில் எவ்வளவு அரிது என்பதனை இதனால் உய்த்துணரலாம்.

அண்ணாதுரை 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் காஞ்சியில் நடராசனுக்கும் பங்காரு அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். குடும்பம் எளிய குடும்பம். அவரைச் சீராட்டி வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய பெருமை அவருடைய சிறிய தாயார் இராசாமணி அம்மையாருக்கே உரியது. அவ்வம்மையாரை அண்ணாதுரை தொத்தா என்று அழைப்பார். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் தந்தையின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பர். விளக்கெரித்துச் சோறிட்டுப் படிக்கவைத்த பெண்மணியை மறந்துவிடுவர். நாம் அங்ஙனம் மறத்தல் ஆகாது. நம் தெருக்களிற் படித்து முன்னேறிய ஒவ்வோர் இளைஞர்க்குப் பின்னும் இத்தகைய தொத்தா ஒருவர் இருத்தல் கண்கூடு.

காஞ்சிப் பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளியில் அவர் பயின்றார். இப்பள்ளியின் பெயரில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. வணிகத் தரகராய்ப் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமாகுமுன் தம் செல்வத்தைக் கோயில் திருப்பணிக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்தார். அப்பொருள் நெடுங்காலம் வழக்கில் முடங்கிக்கிடந்தது. முடிவில் தருமத்திற்குப் போக எஞ்சிய தொகை கல்விக்குப் பயன்படுத்தப்பட்டது. 1842-இல் சென்னையில் ஒரு பள்ளி தோன்றியது. பின்னர் அது கல்லூரியாய் வளர்ந்தது. காஞ்சியிலும் பள்ளி நிறுவப்பட்டது. அண்ணாதுரை கற்ற பள்ளியும், கற்ற கல்லூரியும், பின்னர்க் கற்பித்த பள்ளியும் ஆகிய மூன்றும் இவ்வொரு தருமத்தின் கிளைகளே. தம் மரணத்திற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்டுப் பிறக்கப்போகும் ஒரு நெசவாளர் வீட்டுச் சிறுவனைப் பச்சையப்பர் எண்ணியிருத்தல் இயலாது. ஆயினும் அவர் விட்டுச்சென்ற பொருளே அச்சிறுவனுக்கு மூன்று படிகளாய் அமைந்தது.

பள்ளிப் படிப்பு இடையூறின்றி நடந்ததென்று எண்ணற்க. குடும்பத்தின் பொருள் நெருக்கடியால் அண்ணாதுரை படிப்பை நிறுத்திக் காஞ்சி நகரசபை அலுவலகத்திற் குமாஸ்தா வேலை ஏற்க நேர்ந்தது. இவ்விடத்திலேயே எத்தனையோ இளைஞரின் கல்வி முடிவுற்றிருக்கின்றது. மாதந்தோறும் சம்பளம் வரத் தொடங்கிய பின்னர், அதனை விட்டு மீண்டும் புத்தகத்தை எடுப்பதற்கு மனத்திண்மை வேண்டும். வீட்டாரின் இசைவும் வேண்டும். பாவில் இழை அறுந்தால் நெசவாளன் பாவையே எறிந்துவிடுவதில்லை. அறுந்த இடத்தைப் பிணைத்து மேலே நெய்கின்றான். அண்ணாதுரையின் கல்வியும் அங்ஙனமே பிணைக்கப்பட்டது. 1928-இல் அவர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பிற் சேர்ந்தார்.

நிற்க. அக்காலத்துக் கல்விப் படிகளை இளைஞர் அறிதல் நலம். முதற் பாரம் முதல் மூன்றாம் பாரம் வரை நடுநிலை வகுப்புகள். அவை இக்காலத்து ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகள். ஆறாம் பாரத்தில் பள்ளியிறுதித் தேர்வு. பின்னர் இண்டர்மீடியட் ஈராண்டு. அதன் மேற் சாதாரண பி.ஏ. ஈராண்டு; ஆனர்ஸ் என்னும் சிறப்புப் பட்டமாயின் மூன்றாண்டு. ஆசிரியத் தொழிலில் நிலைபெற விரும்பும் பட்டதாரிகள் 1856-இல் தோன்றிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி போன்ற இடங்களில் எல்.டி. என்னும் பயிற்சியைப் பெறுவர். அதுவே பிற்காலத்தில் பி.டி. என்றும் பி.எட். என்றும் பெயர் மாறியது.

அண்ணாதுரை எடுத்துக்கொண்டது பொருளியலும் அரசியலும் அடங்கிய ஆனர்ஸ் படிப்பு. கல்லூரி அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேத்துப்பட்டுக்கு அது மாறியது 1940-இல். காஞ்சியினின்றும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், எளிய குடும்பத்து இளைஞர் ஒருவர் அத்தனை ஆண்டு தங்கிப் படித்தல் எளிதன்று. இதற்கிடையே 1930-இல் இராணி அம்மையாரை மணந்துகொண்டார். மாணவரே குடும்பத்தலைவராகவும் ஆயினார். ஆயினும் படிப்பு நின்றிலது. பாடநூல்களோடு அமையாமல் நூலகங்களிற் கிடைத்த நூல்களையெல்லாம் ஆர்வத்தோடு கற்றார். கல்லூரி மேடைகளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பேசிப் பழகினார். 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்ததற்கும் பட்டம் பெற்றதற்கும் இடையே ஆறு ஆண்டுகள். பட்டம் பெற்றபொழுது அவருக்கு இருபத்தைந்தாம் பிராயம்.

அக்காலத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர்க்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு அடைபட்டிருக்கவில்லை. பெற்றோரும் உற்றோரும் விரும்புவது அதுவே. அண்ணாதுரையோ சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இருந்த பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராய் அமர்ந்தார். அப்பணியில் அவர் நெடுங்காலம் நிலைத்திலர் என்பதனை மறைக்காது கூறுகின்றோம். பட்டம் பெற்ற காலத்தை ஒட்டித் திருப்பூரில் நடைபெற்ற செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் ஈ. வெ. இராமசாமிப் பெரியாரை அவர் சந்தித்தார். பொதுவாழ்க்கை அவரைத் தன்பால் ஈர்த்தது. பள்ளியை விட்டுப் பத்திரிகைத் தொழிலும் மேடைத் தொழிலும் மேற்கொண்டார்.

அவ்வாறாயின் அவர் பெற்ற பயிற்சி வீணாயிற்றோ எனின், ஆகவில்லை. பள்ளியிற் சிறுவர்க்குப் பாடஞ்சொல்வார்க்கு இன்றியமையாதன மூன்று. கற்பிக்கும் பொருளைத் தாம் ஐயமறக் கற்றிருத்தல் ஒன்று. கேட்போன் அறிந்த பொருளினின்று தொடங்கி அறியாத பொருளுக்கு அழைத்துச்செல்லுதல் மற்றொன்று. கேட்போனை இழிவாக எண்ணாமை பிறிதொன்று. இம்மூன்றும் அண்ணாதுரையின் எழுத்திலும் பேச்சிலும் காணப்படும். கல்லூரியிற் கற்ற பொருளியலைப் பணத்தோட்டம் என்னும் நூலில் யாவரும் உணரும் தமிழில் எழுதினார். 1942-இல் காஞ்சியில் திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் தம்பிக்கு எழுதும் கடிதங்கள் என்னும் முறையில், உலக வரலாற்றையும் நாட்டு நடப்பையும் வாரந்தோறும் விளக்கினார். கல்லூரி வாயிலை மிதித்தறியாத தொழிலாளரும் அக்கடிதங்களைக் கூட்டமாய் அமர்ந்து, ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். வகுப்பறையை விட்டாரேயன்றி ஆசிரியத் தொழிலை அவர் விட்டாரல்லர்.

தறியையும் அவர் மறந்திலர். கைத்தறி நெசவாளர் துன்புற்ற 1953-ஆம் ஆண்டில், தாமும் தம் தோழரும் துணி மூட்டைகளைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். 1957-இல் காஞ்சிபுரத்தின் சட்டமன்ற உறுப்பினரானார். 1962-இல் அதே காஞ்சியில் தோல்வியுற்றார். 1967 மார்ச்சு மாதம் முதலமைச்சரானார். சென்னை இராச்சியம் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றது அவருடைய ஆட்சியில். 1968-இல் அமெரிக்க நாட்டு யேல் சர்வகலாசாலையின் சப் பெல்லோஷிப் என்னும் சிறப்பைப் பெற்று, அங்குள்ள மாணவரோடு சில நாள் உடனிருந்து உரையாடினார். அதே ஆண்டில் அண்ணாமலைச் சர்வகலாசாலை அவருக்கு மதிப்பியல் முனைவர் பட்டம் அளித்தது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் காலமானார். சென்னைக் கோட்டூர்புரத்தில் அவருடைய நூற்றாண்டு நினைவாய் 2010-இல் திறக்கப்பட்ட பெருநூலகம், படிப்பையே பொருளாய்க் கொண்ட ஒருவர்க்கு ஏற்ற நினைவுச்சின்னமாகும்.

ஈண்டு நாம் நம் நெஞ்சையே ஒரு வினா வினவிக்கொள்ளல் வேண்டும். அண்ணாதுரை தம் பெயரின் பின் குலப்பட்டம் இட்டுக்கொள்ளாதவர். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தலை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர். அத்தகையவரை ஒரு குலத்தின் இதழ் நம்மவர் என்று கூறிப் பெருமை கொள்ளுதல் தகுமோ? படத்தை மாட்டி மாலையிட்டுப் பெருமை பேசுதலோடு நின்றோமாயின் தகாது. அவர் ஏறிய படியில் மற்றொரு சிறுவனை, அவன் எத்தெருவினனாயினும், ஏற்றிவிட்டோமாயின் தகும்.

அப்படி இன்று முன்போல் எட்டாததன்று. ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது. அவ்வுரிமை பயன் தருவது நல்லாசிரியர் உளராயின் மட்டுமே. நடுநிலை வகுப்பில் கற்பிக்க விரும்பும் இளைஞர் மேனிலைப் படிப்பின் பின் ஒரு பட்டமும், அதன்மேல் ஈராண்டு பி.எட். பயிற்சியும் பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாந் தாளில் 150 வினாக்களுக்கு விடையெழுதித் தேறுதல் வழக்கமாயுள்ள நெறி. மூன்றாண்டும் ஈராண்டும் கூட்ட ஐந்தாண்டு. தேர்வுக்கும் பணி நியமனத்திற்கும் காத்திருக்கும் காலம் அதற்கு மேல். கூலி நெசவு செய்யும் இல்லத்திற்கு இது சிறிய சுமையன்று. மூன்றாம் ஆண்டில் தந்தைக்கு நோய் வரும். அல்லது தங்கைக்குத் திருமணம் கூடிவரும். பிள்ளை கடைக்கோ ஆலைக்கோ வேலைக்குப் போவான். அறுந்த இழையைப் பிணைக்கவேண்டிய காலம் அதுவே.

ஆதலின் அன்பர்களே, நம் தெருவில் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளையோ பெண்ணோ இருப்பின், அவர்தம் வீட்டிற்கு ஒருமுறை செல்லுங்கள். சென்ற ஆண்டின் தேர்வுக் கட்டணம் தடையா, பேருந்துச் செலவு தடையா, வீட்டில் வருவாயின்மை தடையா என்று வினவுங்கள். இயன்றதை நீங்கள் செய்யுங்கள்; இயலாததைச் சங்கத்திற்கு அறிவியுங்கள். இடையில் நின்ற இளைஞரே, காஞ்சி நகரசபையிற் குமாஸ்தாவாய் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து மீண்டும் கல்லூரிக்குச் சென்றதனை நினைவிற் கொள்ளுங்கள். இருபத்தைந்தாம் பிராயத்திற் பட்டம் பெறுதல் காலங்கடந்ததன்று. நீங்கள் நிற்கப்போகும் வகுப்பறையில், தறியினின்று அன்று காலையே எழுந்துவந்த சிறுவன் ஒருவன் அமர்ந்திருக்கக்கூடும். அவனை அறிந்த ஆசிரியர் நீங்களே.