புகைவண்டி சுமந்து வந்த பாடகர்

1933-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்கள். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலிருந்து தென்திசை நோக்கிச் சென்ற புகைவண்டி ஒன்றில் ஒரு சவப்பெட்டியும் பயணம் செய்தது. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் என்னும் ஊரை வண்டி நெருங்கியபோது, எஞ்சின் ஓட்டுநர் ஊதலை வழக்கம்போல் விட்டு விட்டு ஒலிக்காமல், தாழ்ந்த சுருதியில், நீளமாக, விம்முவது போல ஒலித்துக்கொண்டே வந்தார் என்று சொல்வார்கள். இறந்தவர் நாட்டை ஆண்ட தலைவர் அல்லர். போரில் வென்ற தளபதியும் அல்லர். ஒரு காலத்தில் அந்தப் பகுதியின் இரயில் பாதைகளில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர். பெயர் ஜிம்மி ரோட்ஜர்ஸ். இறக்கும்போது அவருக்கு வயது 35.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர்களும் தொழிலாளர்களும் தங்கள் வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடி வளர்த்த பாட்டு, பின்னாளில் 'கண்ட்ரி இசை' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அந்த இசையின் தந்தை என்று போற்றப்படுபவர் இவர். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தப் பட்டம் அன்று. ஒரு தொழிலாளிக்காக ஊரே திரண்டு அழுததே, அது ஏன் என்ற கேள்விதான் என்னை அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது.

இருப்புப்பாதையின் பிள்ளை

ஜிம்மி 1897 செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மொபைல் அண்டு ஒகையோ என்னும் இரயில் நிறுவனத்தில் பாதை பராமரிக்கும் குழுவின் மேற்பார்வையாளர். தாயில்லாப் பிள்ளை உறவினர் வீடுகளிலும் தந்தையின் பணியிடங்களிலுமாக வளர்ந்தது. பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. தண்டவாளம் போடும் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பதுதான் அவருடைய தொடக்ககால வேலைகளுள் ஒன்று.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தண்டவாளத்தை நகர்த்த வேண்டுமானால் எல்லோருடைய கடப்பாரையும் ஒரே நொடியில் நெம்ப வேண்டும். அதற்காக ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவார்கள். தண்ணீர் வாளியோடு நின்ற சிறுவன் அந்தப் பாட்டையும், அதில் ஊறிக் கிடந்த துயரத்தையும் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டான்.

இதை நான் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. என் தந்தையார் இருப்புப்பாதையில் கேங்மேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாரம் நகர வேண்டுமானால் முதலில் குரல் சேர வேண்டும் என்று அப்பா சொல்வார். பல விசைகள் ஒரே கணத்தில் ஒரே திசையில் செயல்பட்டால்தான் பளு நகரும் என்பதை நான் இயற்பியல் வகுப்பில் படித்தேன். அப்பா அதைப் பாதையில் நின்று படித்திருக்கிறார்.

வளர்ந்த ஜிம்மி பிரேக்மேன் ஆனார். பெட்டிகளை இணைப்பது, பிரிப்பது, தேவையான இடத்தில் பிரேக்கை இயக்குவது ஆகியவை அந்த வேலை. வெயிலும் மழையும் பாராத உழைப்பு. 1920-இல் கேரி என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். இளைய குழந்தை 1923-இல் கைக்குழந்தையாகவே இறந்து போயிற்று. அந்தத் துயரம் ஆறுமுன் 1924-இல் அடுத்த இடி விழுந்தது. மருத்துவர்கள் அவருக்குக் காசநோய் என்றார்கள்.

நோயும் பாட்டும்

காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1882-இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. நோயின் காரணம் தெரியும், மருந்து இல்லை என்ற அந்த இடைக்காலத்தில் வாழ்ந்தவர் ஜிம்மி. ஓய்வு, நல்ல காற்று, நல்ல உணவு இவையே அன்றைய சிகிச்சை. ஏழைத் தொழிலாளிக்கு இவற்றில் எது கிடைக்கும்? உடல் உழைப்பு இயலாமற் போகவே இரயில் வேலையை விட்டார். கையில் மிஞ்சியது ஒரு கிதாரும் குரலும்தான். நுரையீரலை அரிக்கும் நோயோடு, அந்த நுரையீரலையே நம்பிப் பிழைக்கத் துணிந்தார்!

அறிவியல் அவருக்கு ஒரு கையால் மறுத்ததை மறு கையால் கொடுத்தது என்பேன். 1925 வரை இசைத்தட்டுப் பதிவு என்றால் பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த ஆண்டில் மைக்ரோஃபோன் கொண்டு மின்முறையில் பதிவு செய்யும் வழக்கம் வந்தது. மெல்லப் பாடினாலும், பெருமூச்சு விட்டாலும் அது தட்டில் பதிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது போலப் பாடும் ஜிம்மிக்கு அது வரமாக அமைந்தது.

1927 ஆகஸ்ட் 4. டென்னசி மாநில எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் நாட்டுப்புறப் பாடகர்களைத் தேடி முகாமிட்டிருந்தார். அங்கே சென்ற ஜிம்மி இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பதிவான 'புளூ யோடல்' அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. யோடல் என்பது, பாடிக்கொண்டிருக்கும் குரலைச் சட்டென்று உடைத்து உச்சத்திற்குத் தாவவிட்டு மீண்டும் இறக்குவது. ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குப் பேர்போன அந்த முறையைக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டோடு இணைத்தார் அவர். கேட்பவர்க்கு அது தொலைவில் போகும் இரயிலின் ஊதலாகவும் தோன்றும். அழுகை தொண்டையை அடைப்பது போலவும் தோன்றும். கடைக்கு வரும் உழவர்கள் வெண்ணெய், முட்டையோடு ஜிம்மியின் புதிய தட்டையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று ஒரு கதையே வழங்குகிறது.

1930-இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் மாபெரும் கறுப்பினக் கலைஞர் எக்காளம் வாசிக்க, ஜிம்மி பாடினார். நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த காலம் அது. இசைத்தட்டின் மேல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் அச்சாகவில்லை. அவர் பெயர் பின்னாளிலாவது உலகுக்குத் தெரிந்தது. தண்ணீர் சுமந்த சிறுவனுக்குப் பாட்டைக் கொடுத்த பாதைத் தொழிலாளர்களின் பெயர்களோ எந்தத் தட்டிலும் இல்லை. ஜிம்மியின் புகழைப் பேசும்போது அவர்களையும் ஒரு கணம் நினைப்பது நம் கடமை.

பணம் வந்தது. நோயாளிகளுக்கு ஏற்ற காற்று என்று பெயர் பெற்ற டெக்சாசின் கெர்வில் என்னும் ஊரில் வீடு கட்டினார். வந்த பணம் வந்த வழியே போயிற்று. அந்த வீட்டையும் விட்டு எளிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் 1931-இல் வறட்சியால் வாடிய மக்களுக்கு நிதி திரட்ட, நகைச்சுவையாளர் வில் ரோஜர்சுடன் ஊர் ஊராகச் சென்று பாடினார். அதே ஆண்டு தம் நோயைப் பற்றியே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். காசநோய் என்றால் குடும்பமே வெளியில் சொல்லத் தயங்கிய காலத்தில், எனக்கு இந்த நோய் இருக்கிறது, நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று உலகறியப் பாடுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

கடைசிப் பதிவு

1933 மே மாதம். உடல் நலிந்துவிட்டது. குடும்பத்துக்குப் பணம் தேவை. ஜிம்மி நியூயார்க் சென்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்காக ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டுப் பாடுவார், போய்ப் படுப்பார், மூச்சு அடங்கியதும் எழுந்து வந்து அடுத்த பாட்டு. மே 24-ஆம் நாள் கடைசிப் பாட்டு பதிவாயிற்று. மே 26-ஆம் நாள் அந்நகர விடுதி அறையொன்றில் அவர் உயிர் பிரிந்தது. ஆறு ஆண்டுகள்கூட நிறையாத இசைவாழ்வில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள்!

அந்த உடலைத்தான் புகைவண்டி மெரிடியனுக்குச் சுமந்து வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் இறந்த கைக்குழந்தையின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அழுதவர்கள் அழுகையோடு நின்றுவிடவில்லை. அவரைப் பற்றிய இரங்கற்பாக்கள் இசைத்தட்டுகளாக வந்தன. எர்னஸ்ட் டப் என்னும் இளம் பாடகர் ஜிம்மியின் மனைவியைத் தேடிச் சென்றார். அவர் கணவரின் கிதாரையே அந்த இளைஞரிடம் கொடுத்தார். கனடாவின் ஹேங்க் ஸ்னோ தம் மகனுக்கு ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்றே பெயரிட்டார். 1953-இல், இருபதாம் நினைவு நாளில், மெரிடியனில் நினைவுச் சின்னம் எழுந்தது. 1961-இல் கண்ட்ரி இசைப் புகழ்மன்றம் முதன்முதலாகத் தேர்ந்த மூவருள் அவரும் ஒருவர். 1978-இல் அமெரிக்க அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

இவற்றையெல்லாம் விட என்னை வியக்க வைத்தது ஆப்பிரிக்கச் செய்தி. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே அவருடைய இசைத்தட்டுகள் எப்படியோ போய்ச் சேர்ந்தன. அவர்கள் அவர் பெயரைத் தங்கள் நாவில் 'செமிரோச்சா' என்று ஆக்கி, தங்கள் யாழை மீட்டிப் பாட்டுக் கட்டினார்கள். 1950-இல் ஹியூ டிரேசி என்னும் ஆய்வாளர் அதைப் பதிவு செய்தார். ஆப்பிரிக்க வழிவந்த தொழிலாளர்களிடம் கற்ற பாட்டு, கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சேர்ந்த விந்தையை என்னென்பது!

மக்கள் ஏன் அழுதார்கள்? நம் ஊர்களில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரைப் பாடிக்கொண்டே தங்கள் துயரத்தையும் சேர்த்துப் பாடுவார்கள். மெரிடியனிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலை இழந்தவர், நோயில் கிடந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஆகிய அனைவரும் அவர் குரலில் தங்களைக் கேட்டார்கள். தங்களுக்காகப் பேசிய ஒரே குரல் ஓய்ந்ததே என்று அழுதார்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் உழைப்பாளர் வீட்டிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். பட்டம் பெற்ற பின் நம் வீட்டுக் குரலை மறந்து வேறு குரலில் பேசுவது எளிது. ஜிம்மி ரோட்ஜர்ஸ் புகழ் பெற்ற பின்னும் பிரேக்மேனின் குரலிலேயே பாடினார். அதனால்தான் அந்த எஞ்சின் அவருக்காக அழுதது.